சரிவு இல்லை என்று சொன்னேன்

மூன்று கோடைகளுக்கு முன் என் மகளின் கை முறிந்தது. அதற்குக் காரணம் நான். அந்தப் பழியை என் அப்பா மேல் போட்டவனும் நான். இரண்டும் ஒரு புல்வெட்டும் வண்டியை வாங்கியதிலிருந்து தொடங்கின. அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

வட கரோலினாவில் ராலே நகரின் புறநகர் ஒன்றில் இருக்கிறோம். பல ஆண்டுகள் வாடகை அபார்ட்மெண்டில் இருந்துவிட்டு இந்த வீட்டை வாங்கினோம். மனை ஒரு ஏக்கர், நம் ஊர்க் கணக்கில் நூறு சென்ட். வீடு, கார் வரும் பாதை, பின்னாலுள்ள பைன் மரங்கள் எல்லாம் போக எழுபது சென்டுக்குப் புல் தரை. முன்பக்கம் சமதளம். பின்பக்கம் பாதி வரை சமமாகப் போய், பிறகு மழைநீர் ஓடும் வாய்க்காலை நோக்கிச் சடாரென்று இறங்கும். மண் செம்மண் களி. மேலே புல் இருக்கும்வரை நல்ல தரை போலத்தான் தெரியும். ஒரு மழை பெய்துவிட்டால் செருப்புக் கால் நிற்காது.

இங்கே பெரும்பாலான வீடுகளில் டால் ஃபெஸ்க்யூ என்ற புல்தான். மூன்றிலிருந்து நான்கு அங்குல உயரத்தில் வைத்திருக்க வேண்டும். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டினால் வேர் வாடும். ஏப்ரல், மே மாதங்களில் அது வளரும் வேகத்துக்கு வாரம் ஒரு தடவை வெட்டினாலே போதாமல் போகும். விட்டுவிட்டால் குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வரும். முதல் வருடம் ஆள் வைத்து வெட்டினோம். அதற்கு ஆன செலவைப் பார்த்து, சொந்தமாக ஒரு மோவர் வாங்கிவிடலாம் என்று மனைவி சொன்னாள். சரியான யோசனை. அதை நான் கையில் எடுத்துக்கொண்ட விதம்தான் சரியில்லை.

இவ்வளவு பெரிய யார்டுக்கு மோவர் வாங்குகிறவன் முதலில் தன் நிலத்தைப் பார்க்க வேண்டும். எத்தனை சென்ட், எவ்வளவு சரிவு, வேலிக் கதவின் அகலம் என்ன, மரங்கள் எத்தனை, மழைக்காலத்தில் தரை எப்படி இருக்கும், வண்டியை எங்கே நிறுத்துவது. நான் பார்த்தது பக்கத்து வீட்டுக்காரரை. அவரிடம் ஜீரோ டர்ன் ஒன்று இருந்தது. ஸ்டியரிங் கிடையாது, இரண்டு பக்கமும் இரண்டு நெம்புகோல். ஒன்றை முன்னே தள்ளி மற்றதைப் பின்னே இழுத்தால் நின்ற இடத்திலேயே வண்டி சுழலும். சனிக்கிழமை காலை அவர் அதில் ஏறி உட்கார்ந்தால் புல் தரையில் பட்டை பட்டையாகக் கோடுகள் விழும். முடித்துவிட்டு வராந்தாவில் காபியோடு உட்காருவார். எனக்கு அவர் மேல் பொறாமை. இத்தனை வருடம் இந்த நாட்டில் வேலை பார்த்து வீடு வாங்கியவன் நானும்தான், என்னையும் இந்தத் தெரு அப்படிப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

கணக்குப் போடத் தெரியாதவன் அல்ல. கணக்குப் போட்டேன். 21 அங்குல அகலத்தில் வெட்டும், நாம் பின்னால் நடக்க வேண்டிய மோவர் மணிக்கு மூன்று மைல் போனால், திரும்புவதற்கும் ஒரு வரிசை அடுத்த வரிசையோடு ஒட்டி விழுவதற்கும் ஐந்தில் ஒரு பங்கு கழித்து, மணிக்கு ஏறத்தாழ 22,000 சதுர அடி வெட்டும். எழுபது சென்ட் என்பது 30,500 சதுர அடி. ஆக ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும். ஸ்டியரிங் வைத்த, ஏறி ஓட்டும் 42 அங்குலப் புல்வெட்டும் டிராக்டரில் மணிக்கு நான்கு மைல் போனால் அரை மணி நேரம். 54 அங்குல ஜீரோ டர்னில் மணிக்கு ஆறு மைல் போனால் கால் மணி நேரம். அதாவது டிராக்டரை விட ஜீரோ டர்ன் எனக்கு மிச்சம் பிடித்துத் தருவது வாரத்துக்குக் கால் மணி நேரம். அதுவும் காகிதத்தில். மரமும் செடியும் வளைவும் உள்ள இடத்தில் யாரும் ஆறு மைல் வேகத்தில் வெட்ட முடியாது. அந்தக் கால் மணிக்கு டிராக்டர் விலையைப் போல் இரண்டு மடங்கு. இதெல்லாம் தெரிந்துதான், மனைவியிடம் காட்டிய தாளில் டிராக்டர் வரியை எழுதாமல் விட்டேன். நடந்து வெட்டுவதற்கு ஒன்றரை மணி, இதற்குக் கால் மணி என்று மட்டும் காட்டினேன். அவள் என் கணக்கை நம்பினாள்.

இரவெல்லாம் படித்தேன். 1830-இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் ஊரைச் சேர்ந்த எட்வின் பட்டிங் முதல் புல்வெட்டிக்குக் காப்புரிமை வாங்கியது, கம்பளித் துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சீவும் ஆலை இயந்திரத்திலிருந்து அவருக்கு அந்த யோசனை வந்தது எல்லாம் படித்தேன். அமெரிக்காவில் புல் தரையின் பரப்பு ஏறத்தாழ நான்கு கோடி ஏக்கர், பாசனம் பாயும் மக்காச்சோளத்தைப் போல் மூன்று மடங்கு என்று 2005-இல் வந்த ஆய்வையும் படித்தேன். பேட்டரியில் வோல்ட்டை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது, ஆம்பியர்-மணியால் பெருக்க வேண்டும், 56 வோல்ட்டும் 7.5 ஆம்பியர்-மணியும் சேர்ந்தால் 420 வாட்-மணி, ஓடும் நேரத்தைத் தீர்மானிப்பது அதுதான் என்பது வரை தெரிந்துகொண்டேன். என் பின்கட்டின் சரிவை மட்டும் அளக்கவில்லை. அளந்தால் என்ன வரும் என்று மனதுக்குள் தெரிந்திருந்தது. அதனால்தான் அளக்கவில்லை.

அப்பா அந்த மார்ச்சில் வந்திருந்தார். அம்மா போன பிறகு அவரை இங்கே அழைத்து வந்தது அதுதான் முதல் தடவை. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் போடுகிறவர். வந்த மறுநாளே மனையைச் சுற்றி நடந்தார். பின்கட்டுச் சரிவில் பக்கவாட்டில் காலை வைத்து இறங்கினார், ஏறினார். குனிந்து மண்ணைக் கிள்ளி விரலில் உருட்டினார்.

"தம்பி, வண்டி வாங்கு, வேணாங்கல. ஆனா இந்த எறக்கத்துக்கு வண்டி ஆகாது. இத வெட்டாம விட்டுட்டு ஏதாச்சும் கொடி படர விடு."

"இங்க வெட்டாம விட முடியாதுப்பா, லெட்டர் வரும்."

கொடி படர விடுவதைச் சங்கம் தடுக்காது. வெட்டாத புல்லைத்தான் தடுக்கும். எனக்கு அது தெரியும். அவருக்குத் தெரியாது.

கடைக்கு அப்பாவும் வந்தார். விற்பனையாளர் வயதானவர், நிதானமானவர். எடுத்ததும் விலை சொல்லவில்லை. நிலம் எப்படி என்றுதான் கேட்டார். ஜீரோ டர்னுக்குப் பின்சக்கரம் இரண்டும்தான் எல்லாமே என்று விளக்கினார். முன்சக்கரங்கள் தள்ளுவண்டிச் சக்கரம் போல எந்தப் பக்கமும் சுழலும், அவற்றால் வண்டியைத் திருப்ப முடியாது. பின்சக்கரங்கள் பிடிப்பை இழந்தால் ஓட்டமும் போச்சு, திருப்பமும் போச்சு, நிறுத்தமும் போச்சு. டிராக்டரில் முன்சக்கரத்துக்கு ஸ்டியரிங் இருப்பதால் கொஞ்சமாவது சமாளிக்கலாம். எதுவானாலும் 15 பாகைக்கு மேல் சரிவு இருந்தால் ஏறி ஓட்டும் வண்டியே கூடாது என்றார். "உங்கள் இடத்தில் சரிவு உண்டா?"

இல்லை என்றேன். சமதளம் என்றேன்.

அப்பாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. என்ன கேட்டார் என்று என்னைப் பார்த்தார். பணம் எப்படிக் கட்டுவது என்று கேட்கிறார் என்றேன். ஒரே நிமிடத்தில் இரண்டு பேரிடம் இரண்டு பொய் சொன்னேன்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று பின்கட்டு வேலிக் கதவுக்குள் அது நுழையவில்லை. கதவு நான்கடி, அதாவது 48 அங்குலம். கத்திகளை மூடியிருக்கும் தட்டே 54 அங்குலம். வேலிக்காரரை வரவழைத்துக் கதவைப் பெரிதாக்கினேன். அந்தச் செலவையும் மனைவியிடம் குறைத்துச் சொன்னேன்.

சில வாரங்கள் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. முன்பக்கத்தில் கோடுகள் விழுந்தன. பக்கத்து வீட்டுக்காரர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். தமிழ்ச் சங்கத்து நண்பர்கள் வந்தபோது வண்டியைச் சுற்றி நின்று பேசினோம். அவர்கள் முன்னால் மகளை மடியில் வைத்துச் சமதளத்தில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினேன். அவளுக்கு அப்போது ஐந்து வயது. குழந்தையை ஏற்றாதே என்ற படம் வண்டியிலேயே, என் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது, குறுக்கே சிவப்புக் கோட்டோடு. புல் வெட்டும் நேரத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் வெளியிலேயே இருக்கக்கூடாது, எந்த வயதுக் குழந்தையையும் உடன் ஏற்றக்கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் சொல்கிறது. நான் படித்தவற்றில் அதுவும் உண்டு.

அப்பா எல்லார் முன்னாலும், "புள்ளைய எறக்கி விடுப்பா" என்றார். நண்பர்கள் எதிரில் அப்படிச் சொன்னாரே என்று அவர் மேல் எனக்குக் கோபம்.

மே மாதக் கடைசி. வீட்டில் விருந்து, முப்பது பேருக்கு மேல் வருவதாக இருந்தது. முந்தின இரவு இடியோடு மழை. ஈரப்புல்லை வெட்டக்கூடாது. கத்திக்கும் கெடுதல், மண்ணும் இறுகும். ஆனால் பின்கட்டுப் புல் உயர்ந்திருந்தது, விருந்துக்கு வருகிறவர்கள் அங்கேதான் உட்காருவார்கள். சமையல் வாசனை வந்துகொண்டிருந்த நேரத்தில் வண்டியை எடுத்தேன். மகள் ஓடிவந்தாள். அப்பா அவள் கையைப் பிடித்து, "வேணாம்டா கண்ணு, தரை ஈரமா இருக்கு" என்றார். நான் வண்டியை நிறுத்தி இறங்கி, அவர் கையிலிருந்து அவளை வாங்கித் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். அவர் சொன்னதற்காகவே அப்படிச் செய்தேன் என்பதையும் இங்கே எழுத வேண்டும்.

சமதளத்தை முடித்துச் சரிவுக்கு வந்தேன். ஏறி ஓட்டும் வண்டியைச் சரிவில் மேலும் கீழுமாகத்தான் ஓட்ட வேண்டும், குறுக்காக ஓட்டக்கூடாது. பின்னால் நடந்து தள்ளும் மோவருக்கு அதற்கு நேர்மாறு. அங்கே கால் வழுக்கினால் கத்தியின் மேல் விழாமலிருக்கக் குறுக்காக நடக்க வேண்டும். நான் குறுக்காக ஓட்டினேன். சமதளத்தில் விழுந்த கோடுகள் அப்படியே நீளமாகத் தொடர வேண்டும் என்பதற்காக.

வண்டியின் முன்பக்கம் தானாகப் பள்ளத்தை நோக்கித் திரும்பியது. நெம்புகோல்களைப் பின்னால் இழுத்தேன். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. பின்சக்கரங்கள் சுழலாமலேயே களிமண்ணின் மேல் வழுக்கிக்கொண்டு போவது இருக்கையில் உட்கார்ந்திருக்கும் உடம்புக்குத் தெரியும். ஒரு உலுக்கலும் இல்லாமல் மொத்த எடையும் நழுவும். விற்பனையாளர் சொன்னது ஒவ்வொன்றாக நடந்தது. கீழே வாய்க்கால் ஓரத்தில் மண் சரியாமலிருக்க அடுக்கியிருந்த மரக்கட்டைகளில் முன்சக்கரம் மோதியது. மகள் என் மடியிலிருந்து முன்னால் பறந்து கட்டையின் மேல் விழுந்தாள். நானும் இருக்கையை விட்டுத் தூக்கி எறியப்பட்டேன். இருக்கையில் எடை இல்லையென்றால் எஞ்சினும் கத்தியும் நிற்கும்படி ஒரு விசை உண்டு. வண்டி நின்றது. யாரோ ஒரு பொறியாளர் அதை அங்கே வைக்காமல் போயிருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

சரிவில் சறுக்கிக்கொண்டே முதலில் அவளிடம் போய்ச் சேர்ந்தவர் அப்பா. எழுபது வயது அவருக்கு. அவள் இடது முன்கை, வளையக்கூடாத ஓரிடத்தில் வளைந்திருந்தது.

அவசரப் பிரிவில் ஒரு செவிலியர் கேள்வி கேட்டுக்கொண்டே கணினியில் பதிந்தார். குழந்தை எப்படி வண்டியில் வந்தாள்? மனைவி எனக்குப் பக்கத்தில், கையில் மகள். அப்பா மூலையில் நாற்காலியில், முழங்காலெல்லாம் செம்மண். மனைவி அடுப்படியில் இருந்ததால் நடந்ததைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். என் அப்பாதான் ஆசைப்பட்டு அவளைத் தூக்கி என் மடியில் வைத்தார், வேண்டாம் என்று எனக்குச் சொல்ல முடியவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். தடுமாறாமல் சொன்னேன். அப்படி ஒரு வாக்கியம் எனக்குள் எங்கே தயாராக இருந்தது என்று இன்றும் தெரியவில்லை.

மனைவி திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவரோடு பேச்சு குறைந்தது. சாப்பாடு வைப்பாள், மருந்து எடுத்துக் கொடுப்பாள், "மாமா" என்று கூப்பிட்டுப் பேச மாட்டாள். மகளை அவரோடு தனியாக விட மாட்டாள். பூங்காவுக்கு இருவரும் கைகோத்துப் போவது நின்றது. அப்பா எதுவும் கேட்கவில்லை. காலையில் எழுந்து முன்பக்கத்துப் படியில் உட்கார்ந்திருப்பார். நான் அலுவலகம் கிளம்புவேன். ஆறு மாதம் இருக்கலாம் என்று முத்திரை குத்தி அனுப்பியிருந்தார்கள். ஜூலையிலேயே, நாற்று விடும் வேலை இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். எங்கள் ஏரியில் ஜூலையில் தண்ணீர் இருக்காது. அது எனக்கும் தெரியும், சொன்ன அவருக்கும் தெரியும். விமான நிலையத்தில் நான் அவரைத் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அவர் போவது எனக்கு நிம்மதியாக இருந்தது.

வண்டியை வாங்கின விலையில் பாதிக்கும் குறைவாக விற்றேன். அதன் பிறகுதான் சரிவை அளந்தேன். நான்கடி மட்டப்பலகையின் ஒரு முனையை மேட்டுப் பக்கம் தரையில் வைத்து, பலகையைச் சரிமட்டத்துக்குக் கொண்டுவந்து, மறுமுனைக்கும் தரைக்கும் இடையிலுள்ள உயரத்தைப் பார்க்க வேண்டும். 13 அங்குலம் வந்தால் 15 பாகை. எனக்கு 16 அங்குலம் வந்தது, 18 பாகைக்கு மேல். இரண்டு நிமிட வேலை. கடைக்குப் போவதற்கு முன் இதைச் செய்திருக்கலாம். பெரிய யார்டுக்கு மோவர் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து முதலில் இதைச் செய்யுங்கள்.

இப்போது 21 அங்குல பேட்டரி மோவர் ஒன்று வைத்திருக்கிறேன், தானே முன்னே நகரக்கூடியது. முக்கால் மணி நேரத்துக்கு ஒரு பேட்டரி, மாற்றிக்கொள்ள இன்னொன்று. வெட்டிய புல்லைப் பொடியாக்கித் தரையிலேயே போட்டுவிடும், புல்லுக்கு வேண்டிய நைட்ரஜனில் கால் பங்கு வரை அதிலேயே திரும்பக் கிடைக்கும். நடக்கிற ஒன்றரை மணி நேரம் எனக்குக் கஷ்டமாக இல்லை. சரிவு முழுவதும் படரும் ஜூனிப்பரும் லிரியோப்பியும் வைத்தேன். சங்கத்திலிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. அப்பா சொன்ன அதே யோசனைதான். ஆனால் மனைவியிடம் அதை என் யோசனையாகச் சொன்னேன். அவ்வளவு நடந்த பிறகும்.

பொய்யை நானாக உடைக்கவில்லை. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் கழித்து ஒரு நாள் இரவு மகள்தான் சாப்பிடும்போது சொன்னாள். "தாத்தா போகாதேன்னு என் கையப் புடிச்சாங்கம்மா. அப்பாதான் தூக்கிட்டாங்க." யாரும் அவளைக் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். மனைவி சாப்பாட்டில் கை வைத்தபடி என்னைப் பார்த்தாள். அப்போதும் என் முதல் எண்ணம், குழந்தைக்குச் சரியாக நினைவில்லை என்று சொல்லிவிடலாம் என்பதுதான். வாயைத் திறந்தேன். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்றேன்.

அன்று இரவே மனைவி அப்பாவுக்குப் போன் போட்டாள். அறையைச் சாத்திக்கொண்டு பேசினாள். அழுதது வெளியே கேட்டது. அவர் என்ன சொன்னார் என்று அவள் என்னிடம் சொல்லவில்லை. என்னோடு அவள் பழையபடி பேசுவதற்குப் பல மாதங்கள் ஆயின. கணக்குத் தாளில் விட்டுப்போன டிராக்டர் வரி, வேலிக்காரருக்குக் கொடுத்த பணம் எல்லாவற்றையும் பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னேன். இப்போது வீட்டில் எதை வாங்கினாலும் கணக்கை அவளே போடுகிறாள். நான் கேட்பதில்லை.

மறுநாள் நான் அப்பாவைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் உங்களைப் பற்றி ஒரு பொய் சொன்னேன் என்று தொடங்கினேன்.

"தெரியும்ப்பா," என்றார். "அந்த அம்மாகிட்ட 'மை ஃபாதர்'னு சொல்லி என் பக்கம் கைய நீட்டுனே. அதுகூடவா எனக்குப் புரியாது."

நாற்காலியில் செம்மண் முழங்காலோடு உட்கார்ந்திருந்த மனிதர் அந்த நிமிடமே புரிந்துகொண்டிருக்கிறார். மருமகள் பேசாமலிருந்த அத்தனை நாளும், ஏன் பேசவில்லை என்று தெரிந்தே அந்தப் படியில் உட்கார்ந்திருக்கிறார். ஏன்ப்பா அவளிடம் சொல்லவில்லை என்றேன். நீ சொல்லுவேன்னு இருந்தேன் என்றார். மன்னிப்புக் கேட்டேன். சரி விடு என்றார். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நான் அதைக் கேட்டு வாங்கவும் முயலவில்லை.

மகளோடு தினமும் வீடியோவில் பேசுகிறார். என்னோடும் பேசுகிறார், மழை பெய்ததா, வேலை எப்படி என்று. விசா இன்னும் காலாவதியாகவில்லை. டிக்கெட் போடட்டுமா என்று மனைவி கேட்கும்போதெல்லாம், தை அறுவடை முடியட்டும் என்கிறார். போன தைக்கும் அதைத்தான் சொன்னார்.